துறைமுகத்துக்கு ஒரு கட்டம் முன்

பிலோமி கத்தரிக்கோலை நீட்டி, தன் பலகை ஆட்டத்துக்கான அட்டையின் நாலு முனையையும் வட்டமாக வெட்டித் தரச் சொன்னாள். நாளைக்கு வெட்டுகிறேன் என்றார் கிளீட்டஸ். மறுநாள் காலை, வேலைக்குப் போன இடத்தில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவள் இறந்துபோனாள்.

அட்டை மேஜையிலேயே கிடந்தது. பக்கத்தில் விதிகாணி. உள்ளங்கை அளவுக் கருவி. அது வந்த பிறகு சொந்தமாகப் பலகை ஆட்டம் செய்யாத வீடே தூத்துக்குடியில் இல்லை. யாரும் விதி எழுத வேண்டியதில்லை. நாம் ஆட ஆட அது பார்த்துக்கொண்டிருந்து, விதிகளைத் தானே எழுதிக்கொள்ளும். ஆடியவர்களின் போக்கைக் கற்று, அவர்களைப் போலவே ஆட ஆளுக்கொரு ஆடுநிழலும் செய்யும். அந்த நிழலுக்குப் பேச்சு கிடையாது, முகம் கிடையாது. தன் முறை வந்தால் திரைப்பலகையில் காயை நகர்த்தும், அவ்வளவுதான்.

பிலோமியோடு இன்னும் ஒரு ஆட்டம் ஆட வேண்டும். மூன்று மாதமாகக் கிளீட்டஸுக்கு வேறு ஆசை இல்லை.

ஆனால் விதிகாணி திரையில் எழுதி மறுத்தது. "விதிகள் முழுமையில்லை. ஆட்டம் எப்போது முடிகிறது?"

அதுதான் தெரியாது. உப்பேற்றிய படகுகள் கடலைச் சுற்றித் துறைமுகம் சேரும் ஆட்டம். சட்டைப் பொத்தான்கள்தான் படகுகள். முதல் பலகையில் அழகு பார்க்கக் கூடாது, அது கிழித்துப்போடத்தான் என்பாள். கிளீட்டஸ் துறைமுகத்தை நெருங்கும்போதெல்லாம் புதிதாக ஒரு விதி சொல்வாள். இன்றைக்குத் துறைமுகத்தில் வேலைநிறுத்தம். இன்றைக்குப் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறது. படகு திரும்பிப் போக வேண்டியதுதான். புதிதாக ஆட்டம் செய்கிறவள், ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறாள் என்று அவர் விட்டுவிடுவார். யாருக்காவது பசித்தால் பொத்தான்களை டப்பாவில் போட்டுவிட்டு எழுந்துவிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிலோமியின் தங்கை ஜெசிந்தா மீன்குழம்போடு வந்தாள்.

"மொதல்ல துறைமுகத்துல நுழையிறவங்க ஜெயிச்சவங்கன்னு எழுதிப் போடுங்க அத்தான்."

"அவ என்ன நெனச்சிருந்தாளோ."

"அவ ஒண்ணும் நெனச்சிருக்க மாட்டா. எதையாவது முடிச்சிருக்காளா? எனக்குன்னு பின்ன ஆரம்பிச்ச ஸ்வெட்டர் இன்னும் ஒத்தக் கையோட கெடக்கு."

எழுதினார். திரை ஒளிர்ந்தது. பிலோமியின் பொத்தான் நகர்ந்தது. அவசரமில்லாமல், ஓரமாக, அவளேதான். கிளீட்டஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் தன் காயை நகர்த்தினார்.

துறைமுகத்துக்கு ஒரு கட்டம் முன்னால் அவள் படகு நின்றது. பிறகு கடலுக்குத் திரும்பியது. அவர் நுழைந்தார். ஜெயித்தார். திரை அணைந்தது.

அடுத்த ஆட்டமும் அப்படியே. அதற்கடுத்ததும்.

"ஒங்களுக்கு விட்டுக்கொடுக்கா" என்றாள் ஜெசிந்தா.

"ஒங்க அக்காளா? கடைசி மீன் துண்டுக்கே சண்ட போடுவா."

விதிகாணியைக் கேட்டார். அது எழுதிக் காட்டியது: "நாற்பத்தொரு ஆட்டங்களில் இந்த ஆட்டக்காரர் இருநூற்று ஆறு முறை துறைமுகத்தில் நுழைந்திருக்கலாம். ஒரு முறையும் நுழையவில்லை. எதிராளி நெருங்கியபோது முன்னுக்குப் பின் முரணான விதிகளைச் சொன்னார். அவை நீக்கப்பட்டன."

இருவரும் அதை இரண்டு தடவை படித்தார்கள். ஜெசிந்தா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

நிழலால் வேலைநிறுத்தம் அறிவிக்க முடியாது. புயல் கூண்டு ஏற்ற முடியாது. திரும்பிப் போக மட்டும்தான் தெரியும். அதனால் நாலாவது ஆட்டத்தில் கிளீட்டஸும் துறைமுகத்துக்கு ஒரு கட்டம் முன் நின்று, படகைத் திருப்பினார். அவள் திரும்பினாள். இவர் திரும்பினார். இரண்டு பொத்தான்களும் கடலைச் சுற்றிச் சுற்றி வந்தன.

எண்பதாவது முறையில் விதிகாணி குறுக்கிட்டது. ஆடுவதைப் பார்த்து விதி எழுதுவதுதானே அதன் வேலை. "விதி திருத்தப்பட்டது: துறைமுகத்தில் நுழைபவர் தோற்றவர். விதிகள் முழுமை."

ஜெசிந்தா எட்டிப் பார்த்தாள். "இத எவன் அத்தான் ஆடுவான்? முடியவே முடியாதே."

"ஆமா."

"சாப்பிட வாங்க. ஆறிப்போகுது."

அவருக்குப் பசித்தது. இடுப்பும் வலித்தது. நிழலுக்குப் பசிக்காது. அவர் தோற்றால்தான் இந்த ஆட்டம் நிற்கும். தோற்பதற்கு ஒரு கட்டம் நகர்ந்தால் போதும். பொத்தான்மேல் விரலை வைத்தார். நகர்த்தவில்லை, எடுக்கவும் இல்லை.

திரையின் மேல் மூலையில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. திருத்தத்தில் அது மாறவில்லை. ஆட்டக்காரர்கள்: இருவர்.