மீட்டருக்குத் தெரியாதது

"நேத்து சரியா தூங்கலையாம்மா?"

வாடகை வீட்டின் சொந்தக்காரர் ஃபோனில் அதைக் கேட்டபோது அவள் பல் துலக்கிக்கொண்டிருந்தாள். வாயில் நுரையோடு அப்படியே நின்றாள். குழாயில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று விசாரிக்கத்தான் கூப்பிட்டிருந்தார். பேச்சு எப்படியோ அங்கே வந்து நின்றது.

"உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

"ஸ்மார்ட் மீட்டர் இருக்கேம்மா. நீங்க லைட்டப் போட்டா இங்க என் ஃபோன்ல கோடு ஏறுது, அணைச்சா இறங்குது. கடல் தாண்டி மகன் வீட்டுல உக்காந்திருக்கற கிழவனுக்கு வேற என்ன பொழுதுபோக்கு?" தானே சிரித்துக்கொண்டார்.

அவளும் மரியாதைக்குச் சிரித்துவைத்தாள். ஆனால் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போகும் வழியெல்லாம் அந்தக் கேள்வி செருப்புக்குள் புகுந்த மணலைப் போல உறுத்திக்கொண்டே வந்தது. எக்ஸ்ரே அறையில் ஒரு நோயாளியை வலப்பக்கம் திரும்பச் சொல்வதற்குப் பதிலாக இடப்பக்கம் திருப்பிவிட்டு, மறுபடி எடுக்கவேண்டியதாயிற்று.

அவள் கணவனை விட்டு வந்ததே இதற்காகத்தான். அவன் அடித்ததில்லை. அவள் ஃபோனைத் துருவுவான். பையைக் கொட்டிப் பார்ப்பான். குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு யாரோடு பேசினாய் என்பான். அவனிடமிருந்து தப்பி, தரகர் காட்டிய இந்த ஓட்டு வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்ட அன்றுதான் பல வருஷங்களுக்குப் பிறகு வாய்விட்டுப் பாடினாள்.

மதியம் அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"அவனோட குப்பை கொட்டிக் குப்பை கொட்டி உனக்கு யாரப் பாத்தாலும் சந்தேகம்டி. வயசானவரு, ஏதோ அக்கறையில கேட்டிருப்பாரு."

"அக்கறை வேற, வேவு வேறக்கா."

"அப்போ லைட்டப் போடாம இரு. மீட்டருக்கு என்ன கண்ணா இருக்கு?"

அக்கா விளையாட்டாகச் சொன்னதை அவள் செய்தே பார்த்தாள். அன்று சாயங்காலம் விளக்கைப் போடவில்லை. வெளியே வெளிச்சம் மெல்ல வடிந்து, சன்னல் கம்பிகளின் நிழல் சுவரில் நீண்டு கரைந்து, பழைய மரமும் ஈரச் சுண்ணாம்பும் கலந்த ஒரு வாசனை மூலைகளிலிருந்து எழுந்து வந்து அறை முழுக்க நிறைய, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்திருக்கும்போதே அழுகை வந்தது. காரணம் என்று ஒன்றும் இல்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுது முடித்தாள்.

மறுநாள் வீட்டுக்காரர் கூப்பிட்டார். வாசல் கதவின் எலக்ட்ரானிக் பூட்டுக்கு பேட்டரி மாற்றவேண்டும் என்றார். வைக்கும்போது, "இருட்டுல தனியா உக்காந்து அழாதீங்கம்மா. மனசு கெட்டுப்போகும்" என்றார்.

விளக்கு எரியாதது மீட்டருக்குத் தெரியும். அழுதது?

வரவேற்பறையில் இருந்த ஸ்பீக்கர்தான் என்று முடிவு கட்டினாள். வீட்டோடு வந்தது, பாட்டுப் போடச் சொன்னால் போடும். அதைப் பிடுங்கித் துணியில் சுற்றிக் குப்பை வண்டியில் போட்டாள். வாசல் மணியின் கேமராவில் பிளாஸ்திரி ஒட்டினாள். டி.வி.யைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்தாள். இவ்வளவும் செய்துவிட்டு உட்கார முடியாமல் அறைக்கும் சமையலறைக்குமாக நடந்தாள். பிடரியில் எறும்பு ஊர்வது போலவே இருந்தது. தடவிப் பார்த்தால் ஒன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், மழை கட்டி நின்ற நேரத்தில், மின்சாரக் கம்பெனியிலிருந்து மாதாந்திரச் செய்தி வந்தது. 'இருவர் வசிக்கும் மற்ற வீடுகளைவிட நீங்கள் குறைவாகவே மின்சாரம் செலவழிக்கிறீர்கள். பாராட்டுகள்!'

இருவர்.

கீழே வரைபடம் இருந்தது. அவள் ஆஸ்பத்திரியில் இருக்கும் பகல் பொழுதுகளில் கோடு தாழ்ந்து கிடக்கவேண்டும். ஆனால் அந்த நேரங்களில்தான் ஏறியிருந்தது.

வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள்.

"பழைய வயரிங்மா. எங்கயாவது கசியும். விட்டுத்தள்ளுங்க."

"இல்ல சார். எல்லாத்தையும் ஒவ்வொண்ணா நிறுத்தறேன். உங்க ஃபோன்ல கோடு எப்ப விழுதுன்னு பாத்துச் சொல்லுங்க. கசிவு எங்கன்னு தெரிஞ்சுடும்."

"இப்பவேவா?" சற்றுத் தயங்கினார். "சரிம்மா, உங்க திருப்திக்கு."

விளக்குகளை அணைத்தாள். "இறங்குது" என்றார். வாட்டர் ஹீட்டரை நிறுத்தினாள். மின்விசிறி கிறீச்சிட்டுச் சுற்றி ஓய்ந்தது. இண்டர்நெட் பெட்டியின் பச்சைப் புள்ளிகள் செத்தன.

"இன்னும் ஓடுதா சார்?"

"கொஞ்சம். அது ஃபிரிட்ஜா இருக்கும். அத விட்டுடுங்க."

"அதையும் நிறுத்திப் பாத்துடலாமே."

"வேணாம்மா. உள்ள இருக்கறதெல்லாம் கெட்டுப்போயிடும்."

அந்தக் குரலில் முதல்முறையாக ஒரு அவசரம் தெரிந்தது. அவள் சமையலறைக்குள் போய், குனிந்து, பிளக்கை இழுத்தாள்.

பழைய ஃபிரிட்ஜ். குடிவந்த நாளிலிருந்து இரவும் பகலும் உறுமிக்கொண்டே இருந்ததில் அந்தச் சத்தம் காதுக்குப் பழகி இல்லாமலே போயிருந்தது. இப்போது அது ஒருமுறை உதறிக்கொண்டு நின்றது. அதற்குப் பின்னால் இருந்த அமைதியை அவள் இந்த வீட்டில் கேட்டதே இல்லை. மழை இன்னும் விழவில்லை. தெருவில் ஆள் அரவம் இல்லை.

"இப்ப எவ்வளவு காட்டுது சார்?"

"ஒண்ணுமில்லம்மா. நின்னுடுச்சு."

மெல்லிய குரல். தலைக்கு மேலே, மரப்பலகைக் கூரைக்கும் ஓட்டுக்கும் நடுவிலிருந்து.

பிறகு காதருகே, ஃபோனில். "ஒண்ணுமில்லம்மா. நின்னுடுச்சு."

எதிரொலி என்று நினைத்தாள். எதிரொலி பின்னால் வரும்.

இது முன்னால் வந்தது.



"அம்மா?" மேலே.

"அம்மா?" ஃபோனில்.

"லைன்ல இருக்கீங்களா?" மேலே.

ஃபோனைப் பார்த்தாள். இணைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது.

பலகை ஒன்று முனகியது. அடுத்த பலகை. அவசரமில்லாமல், முழங்காலில் தவழ்கிற கனத்தோடு, சமையலறைக்கு மேலிருந்து நடையை நோக்கி. வாசல் கதவுக்குப் போக அந்த நடை ஒன்றுதான் வழி. நடையின் கூரையில் ஒரு சதுரக் கதவு. தண்ணீர்த் தொட்டிக்குப் போகிற வழி, பூட்டியே கிடக்கும் என்று தரகர் சொல்லியிருந்தார்.

சமையலறை வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

சதுரக் கதவு ஒரு சாண் உயர்ந்திருந்தது. அந்த இருட்டிலிருந்து, நகங்கள் ஒழுங்காக வெட்டப்பட்ட ஒரு கிழவரின் கை இறங்கி, சட்டத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

"பயப்படாதீங்கம்மா" என்றது குரல். "மறுபடியும் ஃபிரிட்ஜப் போடுங்க."