அடச்சில்ல

பாறசாலையிலிருந்து பஸ், பிறகு ரயில், பிறகு தண்டவாளத்தோரமாய் ஒரு மைல் நடை. அண்ணன் பொன்னையன் செத்த லெவல் கிராசிங்கின் கேட் அறைக்கு சுந்தரதாஸ் வேலைக்கு வந்து சேர்ந்தபோது, பட்டப்பகலிலேயே மழை இருட்டிக்கொண்டு நின்றது. இரண்டு மாதம் பூட்டிக் கிடந்த அறைக்குள் அண்ணனின் பீடி வாடை.

தமிழ்ப் பகுதிகளை மலையாள ஆட்சியிலிருந்து பிரித்துத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டு எல்லைப் போராட்டம் கொதித்த ஐம்பத்து நாலாம் வருஷம். கேட்டை அடைக்காமலே அடைத்ததாக நம்பர் கொடுத்தான், மாட்டுவண்டிக்காரனோடு தானும் செத்தான், தமிழ்ப் போராட்டக்காரன் வேண்டுமென்றே செய்த வேலை என்று விசாரணையில் முடிவு கட்டினார்கள். சுந்தரதாஸும் அதை நம்பித் தொலைத்தான். அடக்கத்துக்குக்கூடப் போகவில்லை. நம்பவைத்தவர் ஸ்டேஷன் மாஸ்டர் வேதமணி. ஒரே ஊர், ஒரே சபை. இந்த வேலையை வாங்கிக் கொடுத்த புண்ணியவானும் அவரே.

சட்டம் சின்னது. மாஸ்டர் போனில் கேட்பார். கேட்டை அடைத்துவிட்டு, தாளில் உள்ள அடுத்த ரகசிய நம்பரைச் சொல்லி அதைக் கோடு போட்டு அடித்துவிட வேண்டும். நம்பர் வராமல் ரயில் புறப்படக் கூடாது.

போன் மணியடித்தது.

"மக்கா, கேட் அடச்சியா?"

சுந்தரதாஸ் கேட்டைத் திரும்பிப் பார்த்தான்; திறந்தே கிடந்தது.

"அடச்சில்ல," என்றது அண்ணனின் குரல், போனுக்குள்ளிருந்தே.

மறுமுனையில் மாஸ்டர் உளறத் தொடங்கினார். "பொன்னையா... எலே, போராட்ட நேரம், போன்ல மலையாளம் பேசுன்னு சொன்னது நானாக்கும். ஆனா அண்ணைக்கு நீ நம்ம ஊர்ப் பேச்சுல 'அடச்சில்லா'ன்னு சொன்னதா காதுல விழுந்துது. வண்டி லேட்டு. நீ நம்பர் சொல்லாமலே நானே எழுதிட்டேன்..."

மலையாளத்தில் 'அடச்சில்ல' என்றால், அடைக்கவில்லை. ஊர்த் தமிழில் 'அடச்சில்லா' என்றால், அடைத்துவிட்டேனே. ஒரு நெடிலுக்கு அண்ணன் போய்விட்டான்.

சுந்தரதாஸ் போனை வாயோடு நெருக்கிப் பிடித்தான். "ஐயா, இதைப் பெரிய ஆபீசர்கிட்ட சொல்லணும். அண்ணனுக்க பேராவது மிஞ்சட்டு."

"எதை மக்கா? மழை இரைச்சல்ல ஒண்ணும் கேக்கல்ல. கேட்டை அடச்சிட்டு நம்பரைச் சொல்லு." குரலில் இப்போது நடுக்கமே இல்லை.

கேட்டை அடைத்துவிட்டு வந்து தாளை விரித்தான். அடுத்த நம்பர் ஏற்கெனவே அடிக்கப்பட்டிருந்தது.

அதற்கு அடுத்ததும்.

கடைசி வரைக்கும். மை காயவில்லை.

"நம்பர் ஒண்ணுமே இல்ல, ஐயா. வண்டியை விடாதீங்க."

போன் வைக்கப்பட்டது.

சற்று நேரத்தில் ரயில் கூவியது. மறுபடியும் நம்பரைத் தானே எழுதிக்கொண்டான் பாவி மாஸ்டர்.

வெளியே ஓடி வந்தான். கேட் அடைத்துத்தான் இருந்தது. ஆனாலும் சக்கரங்கள் கிறீச்சிட, ரயில் கேட்டுக்கு முன்னால் நின்றுவிட்டது. நடுவழியில் நின்ற ரயிலுக்கு விசாரணை வரும். அவர்கள் தாளைக் கேட்பார்கள்; சொல்ல ஒரு நம்பரும் மிச்சமில்லாத தாள், மாஸ்டரின் பொய்யைக் காட்டிக்கொடுக்கும். சுந்தரதாஸ் மழையில் வெறுங்கையோடு தனியே நின்றான்.

டிரைவர் எரிச்சலோடு எட்டிப் பார்த்தார்.

"வண்டியை நிறுத்தியாச்சு. உன் பக்கத்துல நிக்குற ஆளை செவப்புக் கொடியை இறக்கச் சொல்லு."