தாய்மாமன் எடுத்த சட்டை

"எங்க வம்சத்துக்குக் கழுகுக் கண்ணு!" என்றார் ராஜவேல் மாமா. அம்மாவின் அண்ணன். மைக் இல்லாமலே மேடையில் பேசுவது போலப் பேசுகிறவர்.

பேச்சு ஏழு வயது பிரேமைப் பற்றியது. பள்ளிக்கு வந்த கண் டாக்டர், அவனுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது என்று சொல்லியிருந்தார். பிறவியிலேயே அப்படியாம். பெரும்பாலும் அம்மா வழியில்தான் வருமாம்.

"எங்க பக்கம் அந்தப் பேச்சே கிடையாது. இது இவங்கப்பன் வூட்டுச் சொத்து!"

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார். மாமாவிடம் பேசி ஜெயித்தவர் வேப்பந்தட்டை ஊரிலேயே யாருமில்லை.

பிரேம், அக்கா சிந்துவின் காதில் சொன்னான். "எனக்கு மட்டும்தான் இப்படி. இலைக்கு அரக்குக் கலர் அடிச்சேன்னு எல்லாரும் சிரிக்கிறாங்க. இனிமே பள்ளிக்கூடம் போமாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை செட்டிகுளம் மலைக்கோயிலில் அவனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும்.

அன்று கோயில் மண்டபத்தில் மாமா சீர்த்தட்டை உயர்த்திக் காட்டினார். "கடைக்காரனைப் பக்கத்துல விடலை. நானே பாத்து எடுத்தேன். குட்டி மாப்பிள்ளை கேட்ட அரக்குக் கலர்!"

தட்டில் இருந்தது கரும்பச்சைச் சட்டை.

"அய், அரக்கு!" என்று குதித்தான் பிரேம்.

கூட்டத்தில் சிரிப்பு கிளம்பப் பார்த்தது. சிந்து சட்டென்று தட்டை வாங்கிக்கொண்டாள். "சட்டை சூப்பர் மாமா. கொஞ்சம் இப்படி வாங்க." இருவரையும் தூணுக்குப் பின்னால் அழைத்துப் போனாள்.

"மாமா, இது பச்சை."

மாமாவின் மீசை இறங்கியது. "உங்க அத்தையைக் கூட்டிட்டுப் போயிருக்கணும்."

"எப்பவுமே இப்படித்தானா?"

"சின்ன வயசுலேர்ந்தே. சிக்னல்ல மேல் லைட்டா, கீழ் லைட்டான்னு பாத்துதான் வண்டி ஓட்டறேன். வெளிய சொல்லிடாத கண்ணு."

பிரேமுக்கு வாயெல்லாம் பல். "மாமா! உங்களுக்கும் என் கண்ணா?"

"போடா. என் கண்ணுதான்டா உனக்கு!"

"கலர் பென்சில்ல எல்லாம் பேர் எழுதித் தரேன்டா. படிச்சுட்டு அடி," என்றாள் சிந்து.

"அப்ப நாளைக்குப் பள்ளிக்கூடம் போறேன்."

மாமா வெளியே வந்தார். கூட்டத்தைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். "சட்டை பச்சைதான். எனக்கும் தெரியாது, என் மருமகனுக்கும் தெரியாது. எங்க வம்சத்துக் கண்ணு அப்படி!"

அப்பாவுக்கு அன்று பொங்கல் இரண்டு பங்கு இறங்கியது.

காது குத்தும்போது மடியில் இருந்தவனும் அழுதான், மடி கொடுத்தவரும் அழுதார். இருவர் கண்களும் நன்றாகச் சிவந்திருந்தன. அது மட்டும் அந்த இருவருக்கும் தெரியவில்லை.