மூன்று முறை எழுதிய முகம்

மேல்வானத்தின் செம்மை வெள்ளாற்று நீரில் கரைந்துகொண்டிருந்த அந்திப் பொழுதில், வேங்கைக்குறிச்சிக் கோட்டையின் மதிலுக்கு மேலே முழுநிலவு மெல்ல எழுந்தது. முன்பெல்லாம் அந்த வேளையில் ஆற்றுத்துறையில் குடமேந்தி நிற்கும் மங்கையரின் சிரிப்பும், கொற்றவை கோயிலின் மணியோசையும் ஒன்றாகக் கலந்து கேட்கும். இப்போதோ துறையில் பகைவரின் யானைகள் நீராடிக்கொண்டிருந்தன. கோயிலின் முன்மண்டபத்தில் பாகர்கள் அடுப்பு மூட்டியிருந்தார்கள். எரிந்த வீதிகளிலிருந்து எழுந்த புகை, நிலவொளியில் நீலம் பாரித்து அசையாமல் நின்றது.

கோட்டை விழுந்துவிட்டது, வாசகர்களே. ஆனால் கோட்டைக்குரிய இளவேள் கொற்றங்குமரன் தப்பிவிட்டான். அவனை வலைவீசித் தேடிய பகைப்படைத் தண்டநாயகன் இரணகேசரி அவன் முகத்தை ஒருமுறைகூடக் கண்டதில்லை. கண்டிருந்த நகரத்தாரில் பாதிப்பேர் மாண்டிருந்தார்கள். மீதிப்பேர் சவுக்கடிக்கும் வாய்திறக்க மறுத்தார்கள்.

ஆகவே அந்த அந்தியில், அரண்மனை ஓவியையான அல்லியங்கோதை சித்திர மண்டபத்துக்கு அழைத்துவரப்பட்டாள். சுவரில் அவள் எழுதியிருந்த முடிசூட்டுவிழாச் சித்திரத்தில் இளவேளின் முகம் இருந்த இடம் மட்டும் வெறும் சுண்ணமாக வெளுத்திருந்தது.

"சுரண்டியது யார், அம்மணி?" என்று இரணகேசரி கேட்டான். அவன் குரல் மென்மையானது. கலைகளில் தேர்ந்தவன் என்று அவன் நாட்டில் பெயர் பெற்றவன்.

"நான்தான்."

"அப்படியானால் மீண்டும் எழுதவும் உம்மாலேயே முடியும். உம் ஊர்ப் பெண்களும் பிள்ளைகளும் நெற்களஞ்சியத்தில் இருக்கிறார்கள். ஓலைக் கூரை; கோடைக்காலம். எழுதுவீர் அல்லவா?"

அல்லியங்கோதை தலையசைத்தாள். இல்லாத ஒருவனின் முகத்தை எழுதிக்கொடுத்துவிடலாம் என்று அவள் உள்ளம் அதற்குள் எண்ணிவிட்டது. அதைப் படித்தவன்போல் அவன் புன்னகைத்தான்.

"சித்திரம் எழுத மூன்று சீலைகள் தருவேன். ஒன்றை முடித்துக் கொடுத்த பின்புதான் அடுத்தது. கற்பனை முகத்தை எவராலும் மூன்று முறை ஒன்றுபோல் எழுத முடியாது. நெஞ்சில் பதிந்த முகமானால் முடியும். மூன்றும் ஒத்துவராவிட்டால் களஞ்சியத்தில் தீ வைப்பேன்."

கண்ணை மூடிக்கொண்டும் எழுதக்கூடிய முகங்கள் அவளுக்கு இரண்டே இருந்தன. ஒன்று இளவேளுடையது. மற்றொன்று அவள் கணவன் வெண்காடனுடையது. அரண்மனை முரசறைவோனாகிய அவன், ஆற்றுத்துறைப் போருக்குப் படையோடு போனவன், திரும்பவில்லை. அங்கே கிடந்த உடல்களையெல்லாம் பகைவர் குவித்து எரித்துவிட்டார்கள் என்றே எல்லோரும் சொன்னார்கள். மாண்டவனை யாரும் பிடிக்க முடியாது. மறுபடி கொல்லவும் முடியாது. அவள் தூரிகையை எடுத்தாள்.

மூன்று சீலைகளிலும் அவள் கணவனை எழுதினாள். அழுது தீர்க்க நேரம் கிடைக்காத துக்கத்தையெல்லாம், பகைவனின் காவலில், அவன் புருவத்தையும் உதட்டையும் வரைந்து வரைந்து தீர்த்துக்கொண்டாள். மூன்று முகங்களும் அச்செடுத்தாற்போல் ஒத்திருந்தன. படியெடுத்த சீலைகளோடு குதிரை வீரர்கள் எல்லாத் திசைகளிலும் பறந்தார்கள்.

பதினைந்து நாள் கழிந்தபின் அவளை மீண்டும் அழைத்தார்கள். மண்டபத்தின் நடுவே, தொடையில் புண்ணோடு, இருவர் தாங்கிப் பிடிக்க ஒருவன் நின்றான். ஆற்றுக்கு அக்கரையில் ஒரு நெசவாளர் வீட்டில் ஒளித்துவைத்து மருந்திட்டுக்கொண்டிருந்தார்களாம். அந்த வீட்டாரை அங்கேயே வெட்டிவிட்டதாக ஒரு வீரன் தண்டநாயகனிடம் தெரிவித்தான்.

நின்றவன் வெண்காடன்.

இவன்தான் இளவேளா என்று கேட்கப்போகிறார்கள் என்பது அல்லியங்கோதைக்குப் புரிந்தது. அல்ல என்றால் சீலை பொய்யென்று ஆகும், களஞ்சியம் எரியும். ஆம் என்றால்... அதற்குமேல் அவளால் நினைக்க முடியவில்லை.

"இவன்தானா?" என்றான் இரணகேசரி.

வெண்காடன் தண்டநாயகன் கையிலிருந்த சீலையைப் பார்த்தான். பிறகு மனைவியைப் பார்த்தான். ஒரு மூச்சு விடும் நேரம்தான். அவன் நிமிர்ந்து நின்றான்.

"ஓவியம் எழுதுகிறவளிடம் எதற்காகக் கேட்கிறீர், தண்டநாயகரே? என்னிடம் கேளும். வேங்கைக்குறிச்சி இளவேள் கொற்றங்குமரன் நான்தான்."

இரணகேசரி அவனுடைய வலக்கையைப் பற்றி விரித்துப் பார்த்தான். முரசுக்கோல் காய்ப்பேறச் செய்த உள்ளங்கையைத் தடவி, "வாள் பிடித்த கை" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். ஆயினும் அவன் அவளை விடவில்லை. "உம் வாயாலும் கேட்க வேண்டும், அம்மணி."

வெண்காடன் மெல்லச் சிரித்தான். "சொல்லிவிடும், ஓவியரே. மூக்கைத்தான் சற்று அழகாக எழுதிவிட்டீர், மற்றபடி குறையில்லை."

"இவர்தாம்" என்றாள் அல்லியங்கோதை.

மறுநாள் விடியலில், ஆற்றுமணலில், அவன் தலை வீழ்ந்தது. அவளை முன்வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். ஏனெனில் தண்டநாயகனுக்கு இன்னுமொரு சித்திரம் தேவைப்பட்டது. கீழைவாயில் மதிலில் அந்தக் காட்சியை ஆளுயரத்துக்கு எழுத வேண்டும்; கீழே இளவேளின் பெயரைப் பொறிக்க வேண்டும்; நாடு கடத்தப்படும் நகரத்தார் அதைப் பார்த்துக்கொண்டே வெளியேற வேண்டும். நம்பிக்கையின் வேரையே அறுத்தபின் அனுப்புவதுதான் பாதுகாப்பு என்று அவன் கருதினான். அவள் எழுதினாள். கண்டதைக் கண்டபடியே எழுதினாள். பெயரையும் பொறித்தாள்.

களஞ்சியம் திறக்கப்பட்டது. மூட்டைகளோடும் பிள்ளைகளோடும் மக்கள் வாயிலைக் கடந்தார்கள். ஒருத்தி மதிலைப் பார்த்து நின்றாள். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். தங்கள் திருவிழாக்களிலெல்லாம் முரசறைந்த முகம் அவர்களுக்குத் தெரியாதா? முந்தானையால் வாய்களை மூடிக்கொண்டார்கள். அழுகிறார்கள் என்று காவலர் எண்ணினர். முந்தானைக்கு உள்ளே அவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள் என்பதை அல்லியங்கோதை கண்டாள். 'இளவேள் இருக்கிறார்' என்ற சொல் கூட்டத்தில் காதுக்குக் காது ஓடியது.

நாடுகடத்தப்பட்டவர்களோடு அவளும் ஆற்றைக் கடந்தாள். நடுவெள்ளத்தில், கைக்குழந்தையைத் தோளில் சாய்த்திருந்த குழைக்காதி என்ற இளம்பெண் அவளை நெருங்கினாள். "நல்ல சேதி சொன்னாய், அக்கா. போரில் மாண்ட உன் கணவர் முகத்தைக் காட்டியே இவர்களை ஏமாற்றிவிட்டாயே. உன் சாமர்த்தியம் யாருக்கு வரும்?"

"அவர் போரில் மாளவில்லை, குழைக்காதி."

"என்ன சொல்கிறாய்?"

"என் சீலையைக் காட்டித்தான் அவரைப் பிடித்தார்கள். மதிலில் இருப்பது நான் கண்ணால் கண்டது."

குழைக்காதியின் முகத்தில் சிரிப்பு அப்படியே உறைந்தது.

அல்லியங்கோதை இடுப்பளவு நீரில் நின்று, வலக்கையை வெள்ளத்தில் அமிழ்த்தினாள். "இந்த ஆறு கேட்கட்டும். இளவேள் எந்தக் காட்டில் இருந்தாலும் தேடிப்போவேன். இழுத்தாவது அந்த மதிலுக்குக் கொண்டுவருவேன். தம் பெயரைத் தம் கையால் அழித்து, அந்த இடத்தில் வெண்காடன் என்று அவர் பொறிக்கவேண்டும். அதுவரை இந்தக் கை இன்னொரு முகத்தை எழுதாது."

பின்னால் வந்த காவலன் ஈட்டிக்காம்பால் அவள் முதுகில் குத்தினான். அவள் திரும்பிப் பார்க்காமல் அக்கரை நோக்கி நடந்தாள்.