வேகாத கொள்ளு

பெண்ணையாற்றின் மணற்பரப்பின்மேல் முழுநிலவு எழுந்த அந்த அந்திப்பொழுதில், வடகரையில் விரிந்து கிடந்த பாசறையில் ஐந்நூறு குதிரைகள் தீனிக்காகக் கனைத்துக்கொண்டிருந்தன. தென்கரையிலோ, முற்றுகையிடப்பட்ட வேங்கைமலைக் கோட்டை ஓசையற்று, ஒளி குன்றி, இருளோடு இருளாக நின்றது.

அக்கோட்டையை நோக்கியவாறு, கொள்ளு நிறைந்த மிடாப் பானைகளின் நடுவே தனியே நின்றாள் ஒரு பெண். வாசகப் பெருமக்களே, இப்படையோடு ஊர் ஊராகத் திரிந்த மூன்றாண்டுகளில் அவளைப் பெயர் சொல்லி அழைத்தவர் எவருமிலர். கொள்ளுக்காரி என்பார்கள், அவ்வளவே. வேங்கைமலை அரசி அனுப்பிய ஒற்றர் அவள் என்பதை அங்கே ஒருவரும் அறியார்.

விடிந்தால் இக்குதிரைகள் ஆற்றைக் கடந்து கோட்டைமீது பாயும். கோட்டைக்குத் துணைப்படை வந்து சேரவோ இன்னும் இரண்டு நாள் வேண்டும். அந்த இரண்டு நாளைத் தன் மிடாக்களிலிருந்தே எடுத்துக் கொடுக்க அவள் துணிந்திருந்தாள். ஊறிக் குழைய வெந்த கொள்ளு குதிரைக்கு வலிமை தரும். வேகாத கொள்ளைத் தின்று நீர் பருகிய குதிரையோ வயிறு உப்பிப் படுத்துவிடும். இன்று மிடாக்களில் மேலே ஒரு சாண் மட்டுமே வெந்த கொள்ளைப் பரப்பியிருந்தாள். கீழே இருந்ததெல்லாம் பச்சைக் கொள்ளு.

தீனி வைக்குமுன் அதைச் சமைத்தவளே ஒரு பிடி தின்று காட்டுதல் அப்படையின் வழக்கம். அதைக் காண லாயத் தலைவன் எயினன் வீரர் இருவருடன் வந்தான்.

“எங்க கஞ்சியைவிட இதுதான் மணக்குது! எனக்கும் நாலு கால் முளைச்சா உன் கையால சாப்பிடலாம் போலிருக்கே!” என்றான் ஒரு வீரன்.

“காலு எதுக்கு அண்ணே? குதிரைக்கு இருக்குற அறிவு முளைச்சாப் போதும்.”

மற்றவன் விழுந்து விழுந்து சிரித்தான். முகம் சிவந்த முதலாமவன் அகப்பையை மிடாவின் அடிவரை செலுத்தி அள்ளினான். “வாயாடி! இன்னிக்கு அடியில இருக்குறதைத் தின்னு!”

மறுக்க வழியில்லை. வாயிலிட்டு மென்றாள். வெந்த கொள்ளு பல்லிடையே ஓசை எழுப்பாது, இது நறநறவென்றது.

“அதென்ன சத்தம்?” என்றான் அவ்வீரன்.

எயினன் அகப்பையை வாங்கித் தானும் ஒரு பிடி அள்ளி வாயிலிட்டான். இதழ்களை மூடியபடி, அவசரமின்றி மென்று விழுங்கினான்.

“கல் கிடக்கிறது. கொள்ளு நன்றாகவே வெந்திருக்கிறது. தவிடு கலந்து கொண்டுபோங்கள்.”

மிடாக்கள் அகன்றன. அவள், “ஐயா, தாங்கள்...” என்றாள்.

“ஐந்தாண்டுகளுக்கு முன் வேங்கைமலை அரசியிடம் விடைபெற்று வந்தவன் நான். இங்கே நான் ஒருவனே என்று எண்ணியிருந்தேன்.”

“நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன்.”

மூன்றாண்டுகள் ஒரே அடுப்பின் இருபுறமும் நின்ற இருவரும் அப்போதுதான் ஒருவர் முகத்தை ஒருவர் கண்டனர்.

“குதிரைகள் படுத்ததும் முதலில் தேடப்படுபவர் தாங்களே. நாணற்புதரில் பரிசல் இருக்கிறது. புறப்படுங்கள்.”

“தாங்கள் வரவில்லையா?”

“தின்ற குதிரைகளுக்கு யாரேனும் தண்ணீர் காட்ட வேண்டுமே?” சற்றே தயங்கினான். “தங்கள் பெயர்?”

“பூதி.”

அவன் அதனை ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்தான்.

“துணைப்படையின் முன்வரிசையில் நான் வருவேன். உயிரோடோ, பிணமாகவோ, தங்களைக் காணாமல் வாளை உறையிலிடேன். இது ஆணை” என்று கூறிப் பரிசலை நோக்கி ஓடினாள் பூதி.

ஆற்றின் நடுவே அவள் துடுப்பை நிறுத்தினாள். குதிரைகளை நீர் பருக அழைக்கும் எயினனின் சீழ்க்கை வடகரையில் எழுந்தது. அதன்பின், ஐந்நூறு குதிரைகளும் தலை தாழ்த்தி நீர் பருகும் ஓசை.