நாலாவது தலையணை

அந்தப் படகில் மூன்று பேர் படுக்கலாம். வீட்டில் இருந்தது நான்கு பேர். சிக்கல் அவ்வளவுதான்.

படகு பெரியப்பாவுடையது. வெளியூருக்கு வேலை மாற்றலாகிப் போனபோது, சும்மா கட்டிக் கிடப்பதற்குத் தம்பியாவது ஓட்டட்டும் என்று அப்பாவிடம் சாவியைக் கொடுத்துவிட்டார். ஒரே ஒரு பாய்மரம். உள்ளே குனிந்து நிற்கிற உயரத்தில் ஓர் அறை. அறையின் முன்கோடியில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு படுக்கைகள், பின்னால் படிக்கட்டுக்கு அடியில் ஒன்று. நடுவில் எதிரெதிராக இரண்டு குட்டைப் பெஞ்சுகள். பெஞ்சுகளுக்கு இடையே ஒற்றைக் கால் மேசை. அந்தக் கால் ஓர் இரும்புக் குழாய்.

அப்பா பிளம்பர். அம்மா பள்ளிச் சீருடை தைப்பவர். அக்காவுக்குப் பதினாலு வயது, அப்பாவின் தோளைத் தாண்டிவிட்டாள் என்பதால் எல்லோருக்கும் அவள் நெட்டை. தங்கைக்குப் பத்து வயது. அம்மாவின் அளவு டேப் எந்நேரமும் இவள் கழுத்தில்தான் தொங்கும். பக்கத்து வீட்டுப் பூனையின் வாலைக்கூட அளந்து எழுதி வைத்திருந்தாள். அதனால் இவள் டேப்பு.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிடும்போது அப்பா விஷயத்தைச் சொன்னார். லீவு முடிவதற்குள் கலங்கரை விளக்கத் தீவுக்குப் போகலாம். சனிக்கிழமை கிளம்பினால் இரண்டு ராத்திரி படகிலேயே தங்கலாம். படுக்கை மூன்றுதான் என்பதையும் கடைசியில் கொஞ்சம் இழுத்துச் சொன்னார். எல்லோரும் அவரவர் தட்டைப் பார்த்தார்கள்.

"நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க," என்றார் அம்மா. "எனக்குத் தைக்கிற வேலை தலைக்கு மேல கிடக்கு."

அப்பா "பாவம்" என்றார். சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டார். கையில் சாப்பாடு கட்டிக் கொடுப்பாயா என்று கேட்டாள் நெட்டை. டேப்பு எதுவும் கேட்கவில்லை. முன்கோடியில் வலப்பக்கப் படுக்கைக்கு நேர் மேலே வட்டமாக ஒரு கண்ணாடி உண்டு. படுத்தபடியே வானத்தைப் பார்க்கலாம். அந்த இடத்துக்காக அக்காவோடு ஒரு மாதம் மல்லுக்கட்டி, கடைசியில் சீட்டுக் குலுக்கிப் போட்டு வாங்கியிருந்தாள். அது கைவிட்டுப் போகவில்லை என்பதே அவளுக்குப் போதுமாக இருந்தது.

சாயங்காலம் அளவு டேப்பைத் திருப்பி வைப்பதற்காக டேப்பு அம்மாவின் தையல் அறைக்குப் போனாள். மெஷின் பக்கத்தில் நீலத்தில் தலையணை உறைகள் இருந்தன. படகுக்கு அம்மா தைத்த திரைச்சீலையில் மிஞ்சிய துணி. எண்ணினால் மூன்று. வெட்டுத் துணிக் குவியலுக்கு அடியிலிருந்து இன்னொரு நீல முனை எட்டிப் பார்த்தது. இழுத்தாள். நாலாவது உறை. இரண்டு பக்கம் தைத்து, பாதியில் நிறுத்தி, நாலாக மடித்துச் செருகியிருந்தது.

பழக்கதோஷத்தில் அதையும் அளந்து பார்த்தாள். மற்ற மூன்றின் அதே அளவு.

பள்ளிக்கூடம் திறக்க இன்னும் மூன்று வாரம் இருந்தது. சீருடைத் துணி இன்னும் ஒன்றுகூட வந்து சேரவில்லை. அம்மாவின் தலைக்கு மேல் வேலை எதுவும் கிடக்கவில்லை. வரவேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் நான்கு வெட்டியிருக்கிறார். மதியம் வாயைத் திறக்காமல் இருந்ததை நினைத்து டேப்புவுக்கு வெட்கமாக இருந்தது. உறையை இருந்த இடத்திலேயே செருகி வைத்தாள்.

மறுநாள் அப்பா படகில் சாமான் ஏற்றப் போனபோது இவளும் ஒட்டிக்கொண்டாள். அப்பா கயிறுகளைச் சரிபார்த்து முடிப்பதற்குள் அறையில் ஒன்று விடாமல் அளந்துவிட்டாள். இரண்டு பெஞ்சுகளுக்கும் நடுவே உள்ள இடைவெளி இரண்டு அடி. மேசைப் பலகையின் அகலம் இரண்டு அடிக்கு ஒரு நூல் கம்மி.

"மேசை பெஞ்சு உயரத்துக்கு இறங்கினா அது கட்டில்தானேப்பா?" என்று கேட்டாள்.

அப்பா பார்த்தார். அவர் முகம் பளிச்சென்று ஆனது. அடுத்த நிமிஷம் குழாய் அறுக்கும் ரம்பம் அவர் கையில் இருந்தது. குழாயைக் கண்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது.

டேப்பு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அறுத்துவிட்டால் எதன்மேல் வைத்துச் சாப்பிடுவது என்று கேட்டாள். இரண்டு நாள் மடியில் வைத்துச் சாப்பிட்டால் போயிற்று என்றார் அப்பா. படகைத் திருப்பிக் கொடுக்கும்போது பெரியப்பா எதன்மேல் வைத்துச் சாப்பிடுவார் என்று கேட்டாள். அப்பா ரம்பத்தின் பிடியால் தலையைச் சொறிந்தார்.

"மாடி வீட்டு மோட்டார் ரிப்பேர் ஆனப்ப பைப்ப அறுத்தா கழட்டினீங்க?"

"அதெதுக்கு அறுக்கணும்? அதுல யூனியன் இருக்கு."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அப்பாவுக்கே உறைத்தது. யூனியன் என்பது குழாய்களின் நடுவே வைக்கும் ஓர் இணைப்பு. குழாயைச் சுற்ற வேண்டாம், பெரிய நட்டை மட்டும் திருகினால் இரண்டு துண்டும் தனித்தனியாக வந்துவிடும். மேசைக் காலை மூன்று துண்டாக்கி இரண்டு யூனியன் வைத்தால், நடுத்துண்டு இருக்கும்போது மேசை, எடுத்துவிட்டால் கட்டில். வீட்டில் ஒரு வாளி நிறைய யூனியன் வைத்திருப்பவருக்கு இது தோன்றாமல் போனது எப்படி என்று டேப்பு கேட்கவில்லை. அப்பாவும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

குழாயில் பென்சில் கோடு போட்டார். பலகையின் கனத்தைக் கழிக்கவில்லையே என்றாள் டேப்பு. அப்பா ஓர் அங்குலம் கீழே இன்னொரு கோடு போட்டு, முதல் கோட்டை எச்சில் தொட்டு அழித்தார்.

புதன்கிழமை வேலை முடிந்தது. பலகை ஆடாமல் உட்கார, இரண்டு பெஞ்சுகளின் பக்கவாட்டிலும் ரீப்பர் என்கிற மெல்லிய கட்டையை ஆணி அடித்துப் பொருத்தியிருந்தார்கள். நெட்டையும் வேடிக்கை பார்க்க வந்திருந்தாள். முதலில் அப்பா படுத்துப் பார்த்தார். கால் இரண்டும் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் போயின. குறுக்கே படுத்தார். தலை அலமாரியில் இடித்தது. எப்படிப் படுத்தாலும் நாலரை அடிதான். நெட்டை முழங்காலை மோவாய் வரை மடக்கி ஒரு நிமிஷம் கிடந்தாள், பிறகு தொடை பிடித்துக்கொண்டு கத்தினாள்.

டேப்பு படுத்தாள். தலைக்கு மேல் நாலு விரல் மிச்சம் இருந்தது.

அம்மா ஐந்து அடி இரண்டு அங்குலம். அது அவளுக்கு மனப்பாடம். இந்தக் கட்டிலில் படுக்க முடிந்தவர் வீட்டிலேயே ஒருவர்தான். அண்ணாந்து பார்த்தாள். மேலே ஒரு விளக்குக் கொக்கியும், எப்போதோ மழை ஒழுகிய கறையும் தெரிந்தன. வானம் இல்லை. அந்தக் கறையைச் சுற்றி விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டாள். 

என்ன யோசனை என்று அப்பா கேட்டார்.

"ஒண்ணுமில்லப்பா. எனக்கு அளவு சரியா இருக்கு. கண்ணாடி இருக்கிற எடம் அம்மாவுக்கு."

 வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது நெட்டை, படகில் சமையல் தன் பொறுப்பு என்றாள்.

வெள்ளிக்கிழமை, மெத்தை உறை லூசாக இருக்கிறது என்று பொய் சொல்லி அம்மாவைப் படகுக்கு அழைத்துப் போனார்கள். ஊசி நூலோடு வந்த அம்மாவை ஓரமாக உட்கார வைத்துவிட்டு, டேப்பு நட்டைத் திருகினாள். நடுத்துண்டு வந்தது. அப்பா பலகையை இறக்கினார். மேலே பெஞ்சின் முதுகு மெத்தையைப் போட்டார்கள். அலையில் தட்டு வழுக்கி விழாமல் இருக்க மேசையைச் சுற்றி விரல் உயரத்துக்கு ஒரு சட்டம் இருந்தது. மெத்தை அதற்குள் அடங்காமல் நடுவில் புடைத்துக்கொண்டு நின்றது.

அம்மா புடைப்பை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார்.

"யாருக்கு இது?"

"எனக்கு. நீ முன்னாடி படுத்துக்க."

அம்மா உடனே தைக்கிற வேலையை எடுத்தார். அது முடியாதாம், தலைக்கு மேல் கிடக்கிறதாம்.

"பள்ளிக்கூடம் திறக்க ரெண்டு வாரத்துக்கு மேல இருக்கும்மா, சீருடைத் துணியே இன்னும் வரல," என்றாள் டேப்பு. "நாலாவது உறைதான் ரெண்டு பக்கம் தைக்காமக் கிடக்கு. அத முதல்ல முடி."

அம்மா அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, மகளின் இடத்தைப் பிடுங்கிக்கொண்டு தான் வரமாட்டேன், வந்தால் இந்த மேசைமேல்தான் படுப்பேன் என்றார். டேப்பு கழுத்திலிருந்த டேப்பைக் கழற்றிக் கட்டிலின் நீளத்துக்கு விரித்துக் காட்டினாள்.

"நாலரை அடி. நீ அஞ்சு அடி ரெண்டு அங்குலம். கால எங்கம்மா வைப்ப?"

தையல்காரரால் அளவோடு சண்டை போட முடியாது. அம்மாவுக்குச் சந்தோஷம். அதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல், மெத்தையை மடியில் இழுத்துப் போட்டுத் தையலைப் பிரிக்க ஆரம்பித்தார். இரண்டு விரல் குறைத்துத் தைத்ததும் மெத்தை சட்டத்துக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது.

சனிக்கிழமை நான்கு பேரும் கிளம்பினார்கள். நாலாவது உறையின் கடைசி இரண்டு பக்கமும் சிவப்பு நூலில் இருந்தன. அவசரத்தில் நீல நூல் தீர்ந்துவிட்டதாம்.

மேசைமேல் படுப்பவருக்கு ஒரு கஷ்டம் உண்டு. எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் படுக்கலாம், எல்லோரும் சாப்பிட உட்காருவதற்கு முன்பே எழுந்துவிட வேண்டும். ஞாயிறு காலை ஆறரைக்கு நெட்டை வந்து, டேப்புவின் காலைச் சுரண்டி மேசை வேண்டும் என்றாள். டேப்பு கண்ணைக் கசக்கிக்கொண்டே நட்டைத் திருகினாள்.

ரொட்டி சுட்டாயிற்று, முட்டை ஆயிற்று, டீ ஆயிற்று. அம்மா எழவில்லை. வீட்டில் தினமும் ஐந்து மணிக்கு எழுகிறவர், கண்ணாடி வழியாக வெயில் தோளில் விழுந்தும் அசையாமல் தூங்கினார். பார்க்க விசித்திரமாக இருந்தது. அப்பா கூப்பிடுவதற்கு வாயைத் திறந்தார்.

"எழுப்பாதீங்கப்பா," என்றாள் டேப்பு. "அம்மா படுக்கை மேல யாரும் சாப்பிட வேண்டியதில்லையே."

அப்பா வாயை மூடிக்கொண்டார். மூன்று பேரும் சத்தம் போடாமல் டீ குடித்தார்கள்.

எட்டரை மணிக்கு அம்மா அலறி அடித்துக்கொண்டு எழுந்து வந்தார். தலையைக் கோதி முடிந்துகொண்டே, கொஞ்சம் பொறுங்கள், இதோ டிபன் ஆகிவிடும் என்று சொல்ல ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்தினார். மேசையில் நான்கு தட்டு இருந்தது. மூன்று காலி. நாலாவது மூடி வைத்திருந்தது.