மணி தூக்கிய கால்கள்

மூன்று வருடக் கிறிஸ்துமஸ் நாடகத்திலும் ஜோஸ்லினுக்கு ஆடு வேடம்தான். ஆட்டுக்கு வசனம் கிடையாது. போர்வையைப் போர்த்திக்கொண்டு மண்டியிட்டுக் கிடக்க வேண்டும். போன வருடம் வைக்கோல் மூக்கில் ஏறி, வானதூதர் பேசும்போது பார்த்துத் தும்மல் வேறு வந்து தொலைத்தது.

அதனால், கோயிலின் நூறாவது ஆண்டு விழாவுக்கு நாடகம் எழுதி நடத்தும் பொறுப்பை உபதேசியார் மனுவேல் தன்னிடம் கொடுத்தபோது, ஆறாம் வகுப்பு ஜோஸ்லினுக்குத் தலைகால் புரியவில்லை.

இப்போது யோசித்துப் பார்த்தால், ஆடாகவே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

நாகலூரில் பஸ்ஸை விட்டு இறங்கிக் காபித் தோட்டங்களுக்கு நடுவே நடந்தால் கொண்டைப்பாறை வரும். சின்ன ஊர், அதில் சின்னதாக ஒரு மாதா கோயில். அந்தக் கோயிலில் பெரியது என்று சொல்ல ஒன்றே ஒன்றுதான் உண்டு, அது மணி. இந்தப் பக்கம் ரோடு இல்லாத காலத்தில், அடிவாரத்திலிருந்து அதை ஒருவர் தோளில் சுமந்தே மேலே கொண்டுவந்தாராம். அந்த மணி அடித்த அன்றுதான் கோயில் கோயிலானது என்பார்கள். ஊர் முழுக்கத் தெரிந்த கதை இது. அந்த ஒருவர் யார் என்று கேட்காதவரை எந்த வம்பும் இல்லை.

ஜோஸ்லின் கேட்டுவிட்டாள்.

ஆல்வினின் அப்பா, அது தன்னுடைய தாத்தாதான், அதில் சந்தேகமே வேண்டாம் என்றார். செல்வமேரி அத்தையோ, அவர் யார் சொல்வதற்கு, தூக்கியது எங்கள் தாத்தா என்று சொல்லித் தன் மகன் டெரிக்கின் தோளில் துண்டை மடித்து வைத்து ஒத்திகைக்கே அனுப்பிவிட்டார். சரி, வீட்டிலாவது நியாயம் கிடைக்கும் என்று போனால், அப்பா செபாஸ்டின் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு அவளை முறைத்தார்.

“மணி தூக்குனது உன்னோட கொள்ளுத்தாத்தா. நீயே அடுத்த ஊட்டு ஆளத் தூக்க வெச்சீன்னா, நான் வெளிய தல காட்டறது எப்படி?”

ஒரு மணி. மூன்று கொள்ளுத்தாத்தாக்கள். ஜோஸ்லினுக்கு அழுகையும் வந்தது, எரிச்சலும் வந்தது. எரிச்சல்தான் அதிகம்.

உபதேசியாரிடம் போய், நீங்களே ஒருத்தரைச் சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சினாள். அவர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார். விழாச் சமையலுக்கு அந்த மூன்று வீட்டாரும் வேண்டும். ஒருவர் முகம் சுளித்தாலும் பிரியாணி வேகாது.

“ஞாயித்துக்கெழமைக்குள்ள நீயே ஒரு வழி பண்ணு கண்ணு. இல்லீன்னா நாடகத்த உட்டுட்டு நாலு பாட்டப் பாடி முடிச்சுக்கலாம்” என்றார்.

நாடகத்தை விட்டுவிடுவதா? கிடைக்காமல் கிடைத்த நாடகம் அது. ஜோஸ்லின் பல்லைக் கடித்துக்கொண்டு ஒத்திகைக்குப் போனாள்.

மணிக்குப் பதிலாக, அம்மாவுக்குத் தெரியாமல் வீட்டு அண்டாவை எடுத்து வந்திருந்தாள். ஆல்வின் ஒரு பக்கம் பிடித்தான். டெரிக் மறுபக்கம் பிடித்தான். எங்கள் தாத்தா, எங்கள் தாத்தா என்று இருவரும் இழுத்த இழுப்பில் அண்டா கை நழுவி விழுந்து, கோயில் வாசலில் உருண்டு, மதில்மேல் உட்கார்ந்து கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்த சின்னராஜின் காலடியில் போய் நின்றது.

சின்னராஜ் அவள் வகுப்புதான். சரிவுக்குக் கீழே அவன் அப்பா சின்னனுக்குச் சாமைக்காடும் கொஞ்சம் காபியும் இருக்கின்றன. மாதா கோயிலுக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் ஒத்திகை தவறாமல் வந்து மதில்மேல் உட்கார்ந்துகொள்வான். வேடிக்கை நன்றாக இருக்கிறதாம்.

“நொம்ப நசுங்கிப்போச்சு” என்று அண்டாவைத் திருப்பிப் பார்த்துச் சொன்னான்.

“தெரியுது” என்றாள் ஜோஸ்லின்.

அன்று சாயங்காலம் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து, அம்மா பார்ப்பதற்குள் நசுங்கலை எடுத்துவிட வேண்டும் என்று அண்டாவை உள்ளேயிருந்து தட்டிக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள் அப்பா சேலத்தில் இருக்கும் மாமாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தார்.

“போன மாசம் திருவிழா ஜோருங்க. மாதா சப்பரத்த இந்த வருசமும் நான்தானுங்க தூக்குனேன். தோளு இன்னும் வலிக்குது.”

ஜோஸ்லினுக்குச் சிரிப்பு வந்தது. அப்பா சப்பரம் தூக்கிய அழகு அவளுக்குத் தெரியாதா? ரேஷன் கடை முக்கிலிருந்து தண்ணீர்த் தொட்டிவரைதான் அவர் தூக்குவார். அது அவர்கள் வீட்டுப் பங்கு. தொட்டியடியில் செல்வமேரி அத்தை வீட்டார் தோள் மாற்றிக்கொள்வார்கள். அப்படியே ஊர் சுற்றி வரும். மறுநாள் எந்த வீட்டில் கேட்டாலும், சப்பரம் தூக்கியது நாங்கள்தான் என்பார்கள். யாரும் பொய் சொல்வதில்லை.

தட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

அடுத்த நாள் அவள் யார் தூக்கியது என்று கேட்கவே இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் இவ்வளவு பாடு. வீடு வீடாகப் போய் வேறொன்றைக் கேட்டாள்.

“மணி தூக்குனப்ப உங்க தாத்தாவோட காலுக்கு என்னங்க ஆச்சு?”

இது என்ன கேள்வி என்று ஆல்வினின் அப்பா ஒரு மாதிரி பார்த்தார். பிறகு உற்சாகமாகிவிட்டார். காலா? வெயிலில் காய்ந்த பாறையில் நடந்து உள்ளங்காலெல்லாம் கொப்புளமாம், ஒரு வாரம் செருப்புக்கூடப் போட முடியவில்லையாம். செல்வமேரி அத்தைக்குக் கொப்புளமெல்லாம் தெரியாது. அவர் தாத்தா காலில் அட்டை அட்டையாகத் தொங்கியதாம், மணியைக் கீழே வைக்காமலேயே ஒரு காலால் மறு காலைத் தேய்த்துத் தள்ளினாராம். அப்பாவிடம் கேட்டபோது, ஊருக்குள் நுழைகிற இடத்தில் எஸ்டேட் நாய் கொள்ளுத்தாத்தாவின் கெண்டைக்காலைக் கவ்விவிட்டதாகச் சொன்னார்.

ஜோஸ்லின் கோயில் வாசலில் சாக்பீஸால் மலையை வரைந்தாள். வெயில் பாறை இருப்பது அடிவாரத்தில். அட்டை இருப்பது மேலே, ஈரம் சொட்டும் சோலைக்காட்டில். எஸ்டேட் நாய் ஊரின் எல்லையில். கொப்புளக் கால், அட்டைக் கால், நாய் கடித்த கால் என்று மூன்றையும் அந்தந்த இடத்தில் வரைந்தாள். ஆல்வினும் டெரிக்கும் குனிந்து பார்த்தார்கள்.

“அப்போ மூணு பேருமே தூக்கியிருக்காங்க” என்றான் டெரிக், ஏதோ தானே கண்டுபிடித்தது போல.

ஆனால் படத்தில் ஓர் இடம் காலியாகக் கிடந்தது. வெயில் பாறைக்கும் சோலைக்காட்டுக்கும் நடுவே செங்குத்தான ஏற்றம். வெறுங்கையோடு ஏறினாலே மூச்சு வாங்கும். இல்லாததற்கெல்லாம் உரிமை கொண்டாடும் இந்த ஊரில், இருப்பதிலேயே கஷ்டமான அந்த ஏற்றத்துக்கு ஒரு தாத்தாகூட இல்லை. ஜோஸ்லினுக்கு மறுபடியும் எரிச்சல் வந்தது. மணி என்ன பறந்தா வந்தது?

“அங்க எங்க அப்பாவோட தாத்தா” என்றது மதில்மேலிருந்து ஒரு குரல்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சின்னராஜ் இறங்கி வந்து, ஏற்றத்தின் மேல் விரலை வைத்தான்.

“பாறைகிட்ட மணிய வெச்சுட்டு மேல ஏற முடியாம உக்காந்திருந்தாங்களாம். சாமைக்காட்டுல இருந்த எங்க ஆளுங்க பாத்துட்டு எறங்கிப் போய்த் தூக்கியிருக்காங்க. எங்க கொள்ளுத்தாத்தா காலு கல்லுல இடிச்சு, கட்டவெரல் நகம் பேந்துபோச்சு. பொங்கலுக்குப் பொங்கல் எங்கூட்டுல இந்தக் கததான்.”

“ஏன்டா, இத்தன நாளா மதில்மேல உக்காந்துட்டு இத ஏன் சொல்லல?”

“நீ கேக்கலையே. உங்க கோயிலு ஆளுங்க ஊட்டுலதான கேட்டுட்டுத் திரிஞ்ச?”

ஜோஸ்லினின் முகம் சுருங்கிப்போனது. அவரவர் பங்கை மட்டுமே பார்க்கிறார்கள் என்று ஊரையே மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தாளே, அவளும் அதைத்தானே செய்திருக்கிறாள். அவள் சாக்பீஸை அவனிடம் நீட்டினாள். நகம் இல்லாத கட்டைவிரலோடு ஒரு பெரிய காலை அவனே வரைந்தான். கோணல்மாணலாக இருந்தாலும் நன்றாகவே இருந்தது.

நாடகத்தில் மகனை அனுப்புவீர்களா என்று கேட்க அவளே சின்னன் வீட்டுக்குப் போனாள். அவர் சாமையைப் புடைத்துக்கொண்டே சிரித்தார்.

“கூட்டிட்டுப் போ சாமி. உங்க மணி அடிக்கறப்பல்லாம், அதுல எங்கூட்டு நகம் ஒண்ணு கெடக்குதுன்னு சொல்லிக்குவோம்.”

ஞாயிற்றுக்கிழமை நாடகம் நடந்தது. ஆல்வின் பாறைச் சூட்டில் குதித்துக் குதித்து வந்தான். அவனிடமிருந்து அண்டாவைச் சின்னராஜ் வாங்கிக்கொண்டான். அவன் அதைத் தோளில் வைத்து, முட்டியில் ஒரு கையை ஊன்றி, நொண்டி நொண்டி, மெதுவாக மேடையேறும்போது சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் அமைதியாகிவிட்டது. பிறகு டெரிக் அட்டையைத் தேய்த்தான். ஜோஸ்லினின் தம்பியை நாய் துரத்தியது. நாயாக நடித்த பையன் நிஜமாகவே கவ்விவிட்டான் என்பது பிறகுதான் தெரிந்தது.

கடைசியில் நிஜ மணி அடிக்க வேண்டும். உபதேசியார் கயிற்றைப் பிடித்தவர், என்ன நினைத்தாரோ, கடைசி வரிசையில் கை கட்டி நின்றிருந்த சின்னனைத் தேடிப் போனார்.

“வாங்க சின்னன். நீங்க இழுங்க.”

சின்னன் தயங்கினார். பிறகு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து இழுத்தார். மணி மலை முழுக்கக் கேட்கும்படி அடித்தது. ஜோஸ்லின் இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் அந்தச் சத்தத்தில் கரைந்துபோனது.

பிரியாணி வாசனை வந்துகொண்டிருந்தது. செல்வமேரி அத்தை அவளைத் தேடி வந்து கன்னத்தைத் தடவினார்.

“நாடகம் நொம்ப நல்லா இருந்துச்சு கண்ணு. ஒண்ணே ஒண்ணுதான். எங்க தாத்தாவுக்கு அட்டை கடிச்சது எடது காலு. நீ வலது காலத் தேய்க்க வெச்சுட்ட.”

அவருக்குப் பின்னால் ஆல்வினின் அப்பாவும் ஏதோ சொல்வதற்காகக் காத்திருந்தார். அவருக்குப் பின்னால் ஜோஸ்லினின் அப்பா.

ஜோஸ்லின் மூவரையும் ஒருமுறை பார்த்தாள். ஒத்திகை மூட்டையிலிருந்து பழைய போர்வையை எடுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டாள்.

“மே...” என்றாள்.